ஜப்பான் இசைக்குழுவுக்காக நான் பயந்த கதை

நான் பயந்தவள். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் எல்லாருமே பயந்த ஆட்கள்தான். ஆனால் அவர்களுடைய பயம் மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக் கதவைத் தாண்டிப் போனதில்லை. என்னுடையது ஜப்பான் வரை போய் அச்சேறியிருக்கிறது. (அத்தாட்சி அம்மாவின் சாமியறையில் இருக்கிறது. அதுக்குப் பேந்து வாறன்.)

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பிரெஞ்சில் வரும் தொலைபேசி அழைப்புக்குப் பயம். மெட்ரோக் கதவு மூடப் போகும் சத்தத்துக்குப் பயம். பனியில் சறுக்கி விழுவதைவிட, விழுந்த பிறகு யாராவது ஓடி வந்து பிரெஞ்சில் சுகம் விசாரிப்பார்களே, அதற்கு இன்னும் கூடப் பயம். இப்படிப்பட்ட ஒருத்தி போய்ப் படித்தது ஒலிப்பதிவு. ஒலிப்பதிவு செய்கிறவர் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பார், ஒருவரோடும் கதைக்கத் தேவையில்லை என்று நினைத்துத்தான் அதில் சேர்ந்தேன்.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. இத்தனைக்கும் அவரும் ஒரு ஒலிக்காரர்தான். வார நாட்களில் லவாலில் ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் விடியற்காலை வேலை. சனி ஞாயிறில் கலியாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கி கட்டுவார். அவர் கட்டிய மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் சண்டை பிடித்தாலும் யாருக்கும் கேட்காது. அதற்காகவே அவரைத் தேடி வருகிறவர்கள் உண்டு.

"சவுண்ட் எனக்குச் சனி ஞாயிறுக்கு மட்டும்தான் பிள்ளை. உனக்குத் திங்களிலயிருந்து வெள்ளி வரைக்கும் ஒரு வேலை வேணும். பார்மசி கோர்ஸுக்கு இப்பவும் இடம் இருக்காம்," என்பார்.

கடைசியில் ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். அஹுன்ட்சிக் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் எனக்குத் தற்காலிக வேலை கிடைத்திருந்தது. அவர்கள் நிரந்தரமாக்கினால் அப்பா பார்மசி என்ற சொல்லை வாழ்நாளில் எடுக்க மாட்டார். ஆக்காவிட்டால் நான் மறுபேச்சில்லாமல் குளிசை எண்ணப் போக வேண்டும்.

ஸ்டூடியோ இருந்தது ஒரு பழைய உடுப்புத் தொழிற்சாலைக் கட்டடத்தில். அப்பா இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அதே கட்டடத்தில் காற்சட்டைகளுக்கு இஸ்திரி போட்டவர். என்னுடைய முதலாளி லூக் நல்ல மனுசர். ஆனால் அவருடைய கருவிகளுக்குப் பக்கத்தில் நான் போனாலே "தூஷ் பா!" என்று கத்துவார். தொடாதே என்று அர்த்தம். அங்கே வேலை செய்த முதல் மாதங்களில் நான் தொட்டவை கோப்பிக் கோப்பைகளும் கதவுக் கைபிடியும்தான்.

அப்படி இருக்கும்போதுதான் ஒசாகாவிலிருந்து அந்த இசைக்குழு வந்தது. மூன்று பேர். தலைவி மிசாகிக்கு என் அம்மாவின் வயதிருக்கும், கட்டையாக வெட்டிய வெள்ளை முடி. தாகேஷி என்பவர் சின்னச் சின்ன மரத்துண்டு, மூங்கில்துண்டு எல்லாம் வைத்துத் தட்டுவார். மூன்றாமவர் கிற்றாரை மின்சாரத்தோடு இணைக்காமல் வில்லால் தேய்ப்பார். அவர் தேய்க்கிறாரா துடைக்கிறாரா என்று எனக்குக் கடைசி வரைக்கும் பிடிபடவில்லை.

மிசாகிக்கு ஆங்கிலம் அளவாகத்தான் வரும். அந்த அளவிலேயே இசைத்தட்டு எதைப் பற்றியது என்று விளக்கினார். பாட்டுத் தொடங்குவதற்கு முந்திய நேரம்தான் இசைத்தட்டு முழுவதும். இதோ தொடங்கப் போகிறது என்று கேட்கிறவருக்குத் தோன்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் தொடங்கவே கூடாது. மொன்றியலின் பனிக்காலம் அதற்குத் தோதான அமைதி என்று தேடி வந்திருக்கிறார்கள்.

அன்றிரவு வீட்டில் இதைச் சொன்னேன். அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"அப்ப எங்கட மைக் டெஸ்டிங்தானே இது? பாட்டுத் தொடங்க முந்தி நான் அரை மணித்தியாலம் செய்யிறனே. இதுக்கு ஜப்பானிலயிருந்து வரோணுமே?"

"அப்பா, இது கலை."

"கலையெண்டால் கேக்க வேணும் பிள்ளை."

இந்த வேலை முடிந்ததும் என்னைப் பற்றி முடிவெடுப்பதாக லூக் சொல்லியிருந்தார். அதனால் கோப்பிக் கோப்பையைக்கூட இரண்டு கையாலும் பிடித்துத்தான் கொடுத்தேன்.

கடைசி நாள் வந்தது. அடுத்த நாள் காலையில் அவர்களுக்கு விமானம். இசைத்தட்டின் மிக நீளமான பகுதியை அன்று நிறுத்தாமல் ஒரே மூச்சில் பதிவு செய்ய வேண்டும். மிசாகியின் நிபந்தனைகள் என்னைக் கலங்கடித்தன. கணினி கூடாது, பழைய காலத்துச் சுருள்நாடா மெஷின்தான். மேலதிகப் பிரதி கூடாது. பதிவு செய்கிறவர் கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கக் கூடாது, வாசிக்கிறவர்களோடு அதே அறையில் இருக்க வேண்டும். மெஷின் இரையும் என்பதால் அதை அறையின் மூலையில் தடித்த போர்வைகளால் மூடி வைத்திருந்தோம். அதை இயக்கும் பொத்தான் மட்டும் ஒரு நீண்ட வயரில் மேசைக்கு வந்திருந்தது. பொத்தானில் இருந்த சிவப்பு விளக்கும் கண்ணைக் குத்துகிறது என்று மிசாகி அதன்மேல் கறுப்பு ரேப் ஒட்டிவிட்டார்.

எல்லாம் தயாராக இருந்த நேரம் பார்த்து லூக்குக்குக் கார்டெரியிலிருந்து, அதாவது பிள்ளைகள் காப்பகத்திலிருந்து, அழைப்பு வந்தது. மகளுக்குக் காய்ச்சல், உடனே வந்து கூட்டிப்போகச் சொன்னார்களாம். லூக் ஒரு கையைக் கோட்டுக்குள் விட்டபடி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நம்பிக்கை இல்லை, வேறு வழியில்லை என்பது மட்டும் தெரிந்தது.

"மிசாகி கையைத் தூக்குவா. நீ பொத்தானை அழுத்து. வேறு ஒன்றையும் தூஷ் பா," என்று சொல்லிவிட்டு ஓடினார்.

இந்த இடத்தில் பல்லியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பதினான்கு வயதில் நான் கனடாவுக்கு வரும்வரை, யாழ்ப்பாணத்து வீட்டில் பல்லியின் பேச்சுக்கு மறுபேச்சில்லை. நாம் ஒன்றை நினைக்கும்போது பல்லி சொன்னால் அது நடக்கும். கெட்டதை நினைக்கும்போது சொல்லிவிட்டால், உடனே விரலால் மூன்று தரம் தட்ட வேண்டும். அம்மா குழம்பு கிண்டிக்கொண்டே மற்றக் கையால் தட்டுவா. எனக்கும் அது அப்படியே விரலில் ஊறிவிட்டது. மொன்றியலின் குளிரில் பல்லி கிடையாது என்பதால், இங்கே வந்தபிறகு அந்த விரலுக்கு வேலையில்லாமல் போயிருந்தது.

மிசாகி கண்ணை மூடிக்கொண்டார். அறை அப்படி ஒரு அமைதியாக இருந்தது. என் விரல் பொத்தானுக்கு மேலே ஒரு நூல் இடைவெளியில் நின்றது. என் மூச்சு எனக்கே இரைச்சலாகக் கேட்டது. இண்டைக்கு நான் இதைப் பழுதாக்கத்தான் போறன் என்று நினைத்தேன்.

மிசாகியின் கை உயர்ந்தது. அதே கணம் தாகேஷி இரண்டு மூங்கில் துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினார்.

சிக், சிக், சிக்.

அசல் பல்லி. பதினான்கு வயது வரை தினமும் கேட்ட அதே குரல். என் விரல் என்னைக் கேட்கவில்லை. பொத்தானை விட்டுவிட்டு மேசைப் பலகைக்குப் போய், டக், டக், டக் என்று மூன்று தரம் தட்டிவிட்டு வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது. தட்டிய ஆறுதலில் எனக்கு ஒரு கடமையை முடித்துவிட்ட திருப்தி வேறு. மெஷின் தொடங்கும் சத்தமும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும் என்பதால் அவர்களுக்கும் சந்தேகம் வரவில்லை. வாசிக்கத் தொடங்கினார்கள். அதாவது, தொடங்காமல் இருக்கத் தொடங்கினார்கள்.

அதன்பிறகு நான் பட்ட பாடு சொல்லி முடியாது. தட்டிய சத்தம் பதிவாகியிருக்குமே, வேலை போகுமே என்று நினைத்தேன். சிக், சிக், சிக். தட்டினேன். லூக் அறிந்தால் கத்துவாரே என்று நினைத்தேன். சிக், சிக், சிக். தட்டினேன். கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்தேன். மற்றக் கை தட்டியது. நான் தட்டத் தட்ட மிசாகி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கோபமா இல்லையா என்று அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தாகேஷி நான் தட்டுவதற்காகக் காத்திருந்து தட்டத் தொடங்கினார். நான் பயப்படுவதற்கும் அவர் பதில் சொல்வதற்கும் நடுவில் கிற்றார்காரர் துடைத்தார்.

பாதியில்தான் எனக்கு உறைத்தது. போர்வைக்குள்ளிருந்து எவ்வளவு மூடினாலும் கேட்கும் அந்த மெல்லிய இரைச்சல் கேட்கவில்லை. கதிரையில் பின்னால் சாய்ந்து, மூலைப் பக்கம் மெல்லக் கையை நீட்டிப் போர்வையின் ஓரத்தை உயர்த்தினேன். சுருள் அசையாமல் இருந்தது.

இப்போது அழுத்தினால் 'டக்' என்ற சத்தத்தோடு மெஷின் தொடங்கும், அவர்களுக்கு எல்லாம் விளங்கிவிடும். அழுத்தாவிட்டால் ஒன்றுமே மிஞ்சாது. நல்ல மூளையுள்ளவள் அந்த இடத்திலேயே எழும்பி நின்று நிறுத்தச் சொல்லியிருப்பாள். நான் செய்தது, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மெட்ரோவுக்குப் போகும் வழியை மனதில் ஓட்டிப் பார்த்ததுதான். மருந்துக்கடையின் வெள்ளை மேலங்கி எனக்கு எப்படி இருக்கும் என்றும் யோசித்தேன். சிக், சிக், சிக். அழுகையோடு தட்டினேன்.

ஒருவழியாக முடிந்தது. மிசாகி கண்ணைத் துடைத்தார்.

"இருபது வருசம்," என்றார். "இதைத்தான் நாங்கள் தேடினோம். நீ பதில் தட்டினாயே, அருமை. இப்போது போட்டுக் காட்டு, கேட்போம்."

நான் வாயைத் திறந்தேன். வாயிலிருந்து முதலில் தமிழ் வந்தது, பிறகு பிரெஞ்சு வந்தது, கடைசியில்தான் ஆங்கிலம் வந்தது. பொத்தானை அழுத்தவில்லை என்றேன். ஏன் என்று கேட்டார். பல்லியால் என்றேன். எந்தப் பல்லி என்று தாகேஷி சுற்றிப் பார்த்தார். நான் கையைச் சுவரில் ஊரவிட்டு, நாக்கால் சத்தம் போட்டு, விரலால் தட்டி, நடித்துக் காட்டினேன். ஒலிப்பதிவு படித்த ஒரு பெண் அழுதழுது பல்லியாக நடிப்பதை மூன்று ஜப்பானியர்கள் மரியாதையாக நின்று பார்த்தார்கள்.

பிறகு தங்கள் மொழியில் கதைத்தார்கள். எனக்குப் புரியாத மொழியில் என் தலைவிதியை முடிவு செய்கிறார்கள் என்று நடுங்கினேன். மிசாகி திரும்பினார்.

"எங்கள் ஊரிலும் பல்லி இருக்கிறது. வீட்டைக் காக்கும் என்று சொல்வோம். ஆனால் இவ்வளவு பேசாது," என்றார். "மறுபடி செய்வோம். நீயும் அப்படியே தட்ட வேண்டும்."

இந்தமுறை பொத்தானை இரண்டு கையாலும் அழுத்தினேன். அவர்கள் தொடங்கினார்கள், நான் தட்டினேன். கொஞ்ச நேரத்தில் மிசாகி கையைக் காட்டி நிறுத்தினார்.

"விரல் மட்டும்தான் தட்டுகிறது. பயம் தட்டவில்லை."

உண்மைதான். நடக்கக்கூடிய மிக மோசமான காரியம் நடந்து, நான் அதை ஒப்புக்கொண்டு, உயிரோடும் இருந்தேன். வாழ்நாளில் முதல்தடவையாக எனக்குப் பயமில்லை. நாடாவைத் திரும்பச் சுற்றிவிட்டு மறுபடி முயன்றோம். அதுவும் சரிவரவில்லை.

"தயவுசெய்து, இன்னும் ஒருமுறை பயப்படு," என்று மிசாகி என்னைக் கும்பிடாத குறையாகக் கேட்டார். பிறந்ததிலிருந்து பயப்படாதே என்று சொல்லியே வளர்த்த ஒரு ஆளிடம், தேவையான நேரத்தில் இப்படிக் கேட்டால் பயம் வருமா?

அப்போது கதவு திறந்தது. இரண்டு கையிலும் சாப்பாட்டுப் பைகளோடு அப்பா.

நான்தான் சொல்லியிருந்தேன். கடைசி நாள் என்பதால் அவர்களுக்கு இடியப்பமும் சொதியும் கொடுக்கலாம் என்று முந்தின நாள் வீட்டில் பெருமைக்குக் கேட்டிருந்தேன். அது மறந்தே போய்விட்டது. அப்பா பனிச் சப்பாத்தை நிலத்தில் உதறி, அசைந்தால் மொறுமொறுக்கும் தன் குளிர் ஜாக்கெட்டோடு உள்ளே வந்து, கட்டடம் முழுவதுக்கும் கேட்கும் குரலில் சொன்னார்.

"இந்த அறையில்தான் பிள்ளை நான் இஸ்திரி போட்டனான்! அப்ப ஒரு நாளும் சத்தமில்லாமல் இருந்ததில்லை."

என் முகத்தில் இருந்த இரத்தம் இறங்குவதை மிசாகி கவனித்தார். எழுந்து வந்து, என் பக்கத்தில் இருந்த கதிரையை அப்பாவுக்குக் காட்டினார்.

"தயவுசெய்து இருங்கள்."

"அப்பா, கதைக்கக் கூடாது. அசையவும் கூடாது," என்று கெஞ்சினேன்.

"ஏன், நான் என்ன சின்னப்பிள்ளையே?" என்று அவர் இருந்தார். ஜாக்கெட் மொறுமொறுத்தது.

மிசாகியின் கை உயர்ந்தது. நான் அழுத்தினேன். டக். போர்வைக்குள் மெஷின் இரைந்தது, எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. திரும்பி அப்பாவைப் பார்த்தேன். திறந்திருந்த ஜாக்கெட்டுக்குள் அவருடைய சட்டைப் பையில் தொலைபேசி நீட்டிக்கொண்டிருந்தது.

அப்பாவின் தொலைபேசி அடித்தால் கெட்டிமேளம் முழங்கும். ஏதோ ஒரு கலியாணத்தில் அவரே பதிவு செய்த நாதஸ்வரமும் தவிலும், அவரால் முடிந்த அதிகபட்ச ஒலியில். அம்மா ஒவ்வொரு நாளும் மத்தியானம் அவர் சாப்பிட்டாரா என்று கேட்க அழைப்பெடுப்பா. மத்தியானம் ஆகிக்கொண்டிருந்தது. எழுந்து போய் அதை அணைக்க முடியாது, சொல்லவும் முடியாது. கண்ணால் சட்டைப் பையைக் காட்டினேன். அப்பா குனிந்து சட்டையைப் பார்த்து, சொதி ஏதும் ஊற்றுப்பட்டிருக்கிறதா என்று தடவினார்.

அம்மா இப்ப எடுக்கப் போறா என்று நினைத்தேன். சிக், சிக், சிக். என் விரல் தட்டியது. இந்தத் தட்டில் நடிப்பு ஒன்றும் இல்லை. வேலை போகப் போகுது. சிக், சிக், சிக். தட்டினேன்.

எனக்குப் பக்கத்திலிருந்தும் டக், டக், டக் என்று கேட்டது. அப்பா நேரே பார்த்தபடி கதிரையின் கைப்பிடியில் தட்டிக்கொண்டிருந்தார். அவருடைய முகம் நான் அதுவரை கண்டிராதபடி வெளிறியிருந்தது. மூச்சைக்கூடப் பிடித்து வைத்திருந்தார். அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரும் சேர்ந்து தட்டினோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு வியர்த்து ஒழுகியது.

அம்மா எடுக்கவில்லை. வாசிப்பு மெலிந்து மெலிந்து அடங்கியது. இப்போது தொடங்கும், இப்போது தொடங்கும் என்று காத்திருந்த பாட்டு, தொடங்காமலே முடியப் போகிறது. மிசாகி முடிவுக்காகக் கையை மெல்ல இறக்கினார். கை பாதி வழியில் இருந்தது.

கெட்டிமேளம் வெடித்தது.

தாகேஷியின் கையிலிருந்த மூங்கில் கீழே விழுந்தது. அப்பா பதறிப்போய் அதை அணைப்பதற்குப் பதிலாக, பழக்கதோஷத்தில் காதில் வைத்தார்.

"ஓம்... இல்லையப்பா, இன்னும் சாப்பிடேல்ல... பேந்து எடுக்கிறன், இஞ்ச மனுசர் பயத்தில சாகுதுகள்!"

மிசாகியின் கை கடைசி வரை இறங்கியது. நான் பொத்தானை அழுத்தி மெஷினை நிறுத்தினேன். நான் என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன், போவதற்குத்தான். அப்போது மிசாகி சிரிக்கத் தொடங்கினார். சத்தமில்லாமல் தொடங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்து சிரித்தார். பாட்டு கடைசியில் தொடங்கிவிட்டது என்றார். அதை வெட்ட மாட்டேன் என்றும் சொன்னார்.

காய்ச்சல்கார மகளைத் தோளில் போட்டபடி லூக் திரும்பி வந்தபோது, எல்லாரும் நிலத்தில் உட்கார்ந்து இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடந்ததை மிசாகியே அவருக்குச் சொன்னார். லூக் நாடாவைக் கடைசி வரை கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, திங்கட்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வா என்றார். அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் மட்டும் இனி என்னைத் தனியாக விடப் போவதில்லை என்றும் சொன்னார். இன்றைக்கும் அதில் அவருடைய கையெழுத்தில் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறது: 'வதனி, முதலில் இது, பிறகு பல்லி.'

வீட்டுக்குப் போகும்போது வான் வண்டியில் அப்பாவிடம் கேட்டேன்.

"நீங்கள் ஏனப்பா தட்டினீங்கள்?"

அவர் வீதியையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

"உனக்கு இந்த வேலை கிடைக்காட்டில் நீ என்ன பாடுபடுவாய் எண்டு நினைச்சன். அந்த நேரம் பார்த்து அது சொல்லிப்போட்டுது."

பார்மசி, பார்மசி என்று என்னை விரட்டிய மனுசன் அந்தக் கதிரையில் இருந்து எனக்காகத் தட்டியிருக்கிறார் என்று நினைக்க அழுகை வந்தது. யன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

பனி கரைந்த பிறகு ஒசாகாவிலிருந்து ஒரு பொதி வந்தது. உள்ளே இசைத்தட்டு. பின்னட்டையில் வாசித்தவர்களின் பெயர்கள். மிசாகி, தாகேஷி, கிற்றார்காரர் மூவருக்கும் கீழே இரண்டு வரிகள் இருந்தன. 'வதனி: பயம்.' அதற்கும் கீழே, 'வதனியின் அம்மா: நாதஸ்வரம்.'

வீட்டில் சோறு வடித்துக்கொண்டு நின்ற அம்மா, ஜப்பானிய இசைக்கலைஞர் ஆனது அப்படித்தான். இசைத்தட்டு சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில் ஏறியது. அப்பாவின் பெயர் எங்கேயும் இல்லை. மூச்சுப் பிடித்துத் தட்டியதும் தன்னுடைய விரல், தொலைபேசியும் தன்னுடையது, பதிவு செய்த கெட்டிமேளமும் தன்னுடையது, பெயர் மட்டும் அவவுக்கு என்று இன்றைக்கும் மண்டபம் மண்டபமாகச் சொல்லித் திரிகிறார். மகள் என்ன வேலை என்று யாராவது கேட்டால், "ஜப்பான்காரருக்காகப் பயப்பிட்டவ," என்று அறிமுகப்படுத்துவார். என்னைப் பெண் பார்க்க வந்த வீட்டிலும் இதைத்தான் சொன்னார். (அவர்கள் எழும்பிப் போகவில்லை. அதுவே எனக்குப் பெரிய ஆச்சரியம்.)

உடன்படிக்கையை மட்டும் அட்சரம் பிசகாமல் காப்பாற்றுகிறார். தலையிடிக்குக் குளிசை வேண்டுமென்றாலும் "அந்தக் கடைக்குப் போட்டு வாறன்" என்றுதான் சொல்வார்.

அம்மா இப்போதும் மத்தியானத்தில் எடுக்கிறா. ஸ்டூடியோவில் என் தொலைபேசி அடிக்கும், எடுத்தவுடன் அந்தக் குரல் சொல்லும்:

"நாதஸ்வர வித்துவான் கதைக்கிறன். சாப்பிட்டாச்சோ?"

பின்னால் எங்கோ சாப்பாட்டு மேசையிலிருந்து அப்பா கோபத்தோடு தட்டுவது எனக்குக் கேட்கும். மூன்று தரம்.